தூங்கியவர் தந்தை, வாசித்தவர் யாரோ: டபிள்யூ. சி. ஹேண்டியை முன்வைத்து ஒரு வாக்குவாதம்

#1 ஆறாம் கம்பி

பக்கத்து இழையில் ஒருவர் "ப்ளூஸ் இசையின் தந்தை டபிள்யூ. சி. ஹேண்டி" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். ஆளாளுக்கு விருப்பம் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அங்கேயே கேட்டால் பேச்சைத் திசைதிருப்புகிறேன் என்பார்கள். அதனால் தனி இழை.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தென் மாநிலக் கறுப்பர்களின் பாட்டு. ஹேண்டி 1873-இல் அலபாமா மாநிலத்து ஃப்ளோரன்ஸ் ஊரில் பிறந்தவர். அப்பா பாதிரியார். மகன் கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி ஓர் ஊதுகருவி) வாசிப்பார், நொட்டேஷன், அதாவது சுரத்தைத் தாளில் எழுதும் முறை, படித்தவர், பேண்டு நடத்தியவர். 1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்து டெல்டா வட்டாரத்தில் டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில் ராத்திரி காத்திருக்கிறார். ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம். கண்ணயர்ந்துவிடுகிறார். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஓர் ஒல்லியான கறுப்பர். கந்தல் உடை, ஷூ ஓட்டை வழியே கால்விரல் எட்டிப் பார்க்கிறது. கிடார் கம்பிமேல் கத்தியை வைத்து இழுத்து வாசிக்கிறார். ஒரே வரியை மூன்று தடவை பாடுகிறார். இரண்டு ரயில் பாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் மோர்ஹெட்டுக்குப் போகிறேன் என்பதுதான் பாட்டின் சேதி.

அதுவரை கேட்டதிலேயே விசித்திரமான இசை அதுதான் என்று ஹேண்டியே பிற்பாடு எழுதினார். சரி, இப்போது நீங்களே சொல்லுங்கள். அந்த நிலையத்தில் இரண்டு பேர். ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார், ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கியவர் தந்தையாகிவிட்டார். வாசித்தவருக்குப் பெயர்கூட இல்லை. 1941-இல் வந்த சுயசரிதைக்கு "ப்ளூஸின் தந்தை" என்றே தலைப்பும் வைத்துக்கொண்டார்கள்.

#2 பேண்டு மாஸ்டர்

தம்பி, நன்றாக எழுதுகிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ரயில் நிலையத்துக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும்? வேறு சாட்சி கிடையாது. ஹேண்டி எழுதியதால்தான் தெரியும். திருடினவன் தானே காவல் நிலையத்துக்கு நடந்துபோய், இன்ன இடத்தில் இன்ன மாதிரி ஆளிடம் எடுத்தேன் என்று எழுதிக் கொடுப்பானா?

நான் முப்பது வருடத்துக்கு மேல் பேண்டில் ட்ரம்பெட் வாசித்தவன். கல்யாணம், சர்ச், சாவு, எல்லாவற்றுக்கும் போயிருக்கிறேன். கேட்பது வேறு, கேட்டதை எழுதுவது வேறு என்பது எனக்குக் கையால் தெரியும். டெல்டாவின் பாடகர்கள் மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் நேராகத் தொட மாட்டார்கள். கீழேயிருந்து வழுக்கி ஏறுவார்கள், சில சமயம் ஏறாமலே பாதியில் விட்டுவிடுவார்கள். நொட்டேஷன் எழுதும் ஐந்து கோட்டில் அதற்கு இடமே இல்லை. ஹேண்டி என்ன செய்தார்? மேஜர் ஸ்கேல் (நம் சங்கராபரணம் மாதிரி) மெட்டுக்குள்ளே அந்த இரண்டு சுரத்துக்கும் ஃப்ளாட் போட்டு, அதாவது அரைச் சுரம் இறக்கி, எழுதினார். குரலின் வழுக்கலைத் தாளில் ஒரு ஜாடையாவது காட்டத்தான் அப்படிச் செய்ததாக அவரே சொல்கிறார். இன்றைக்கு "ப்ளூ நோட்" என்று நீங்கள் எல்லாம் சொல்கிறீர்களே, அது பியானோக்காரன் வரைக்கும் போய்ச் சேர்ந்தது அந்த வழியில்தான்.

அப்புறம், அவர் ஏதோ கோட்டுப் போட்ட பெரிய மனிதர், ஏழையின் பாட்டைச் சுருட்டினார் என்பது போல எழுதுகிறீர்கள். சிறுவனாக இருந்தபோது காசு காசாகச் சேர்த்து ஒரு கிடார் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். அப்பா அதைச் சாத்தானின் விளையாட்டுச் சாமான் என்று சொல்லி, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெப்ஸ்டர் அகராதி வாங்கிவரச் சொன்னார். கிடார் போய் அகராதி வந்த வீடு அது! பிறகு ஃப்ளோரன்ஸில் இரும்பு உலையில் வேலை பார்த்தார். கூட வேலை செய்தவர்கள் ஓய்வு நேரத்தில் மண்வாரிகளை இரும்பில் தட்டித் தாளம் போடுவார்களாம். ராணுவ முரசை விட அது நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். 1890-களின் தொடக்கத்தில் செயின்ட் லூயிஸில் கையில் காசில்லாமல் ஆற்றங்கரைக் கற்களில் படுத்துத் தூங்கியவர். ஆக, உங்கள் கணக்குப்படி பார்த்தால் அவர் இரண்டு இடத்தில் தூங்கியிருக்கிறார்.

#3 ஜெல்லி ரசிகன்

எல்லாரும் எழுந்து நில்லுங்கள், எங்கள் ஆள் வருகிறார்.

1938. ரிப்ளியின் "நம்பினால் நம்புங்கள்" வானொலி நிகழ்ச்சியில் ஹேண்டியை ஜாஸுக்கும் ப்ளூஸுக்கும் மூலகர்த்தா என்று அறிமுகப்படுத்தினார்கள். அப்போது வாஷிங்டனில் ஒரு சின்ன கிளப்பில் பியானோ வாசித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்த ஜெல்லி ரோல் மார்ட்டனுக்கு ரத்தம் கொதித்தது. ரிப்ளிக்கு நீளமான ஒரு கடிதம் போட்டார். டவுன் பீட் பத்திரிகை அதை அச்சிட்டது. ஜாஸை 1902-இல் உருவாக்கியவன் நான், ஹேண்டி பொய்யர், காப்புரிமை இல்லாமல் கிடந்த பிறர் சரக்கைத் தன் பெயரில் போட்டுக்கொண்டவர் என்று அதில் பொரிந்துதள்ளினார். ஹேண்டி போட்ட மெட்டே பிறருடையது என்கிறார் தலைவர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

#4 செவ்வந்தி

இதற்கு மேல் வேண்டியது கொஞ்சம் கூட்டல் கழித்தல். மார்ட்டனின் ஞானஸ்நானப் பதிவில் பிறந்த ஆண்டு 1890. அவர் 1885 என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1902-இல் ஜாஸை உருவாக்கினார் என்றால் பன்னிரண்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. உங்கள் தலைவர் கடிதத்தில் கத்தும்போது அவரை நம்ப வேண்டாம்.

பியானோ முன்னால் உட்காரும்போது நம்பலாம். அதே 1938-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு அவரைப் பேச வைத்தார். சின்ன வயதில் நியூ ஆர்லியன்ஸில் கேட்ட ப்ளூஸ் என்று ஒரு பெண் வாசித்த பாட்டை அங்கே வாசித்துக் காட்டுகிறார். அந்தப் பெண்ணின் பெயர் மேமி டெஸ்டூன்ஸ். வலது கையில் இரண்டு விரல் இல்லாதவர். அந்தப் பாட்டை "மேமியின் ப்ளூஸ்" என்றே மார்ட்டன் வாசித்தார்.

ஊரே பீற்றல்காரர் என்று சொல்லும் மனிதர், தான் கேட்டவரின் பெயரையும் கையையும் சேர்த்து நினைவு வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதை இப்போதைக்கு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹேண்டியின் பதிலையும் சொல்லிவிடுகிறேன், நியாயத்துக்காக. நான் எழுதியதையெல்லாம் காப்புரிமை வாங்கி அச்சிட்டு வைத்திருக்கிறேன், அதனால் இந்த வருடம் இதைச் செய்தேன் அந்த வருடம் அதைச் செய்தேன் என்று ஜெல்லி ரோல் மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்கிற தொனியில் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். நல்ல அடிதான். ஆனால் மார்ட்டனின் கேள்வி யாருடைய மெட்டு என்பது. இவர் சொன்ன பதில் யாருடைய பதிவு என்பது.

#5 புதுசு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ப்ளூஸ் என்றாலே "பன்னிரண்டு பார்" என்கிறார்களே, அதையும் ஹேண்டிதான் கண்டுபிடித்தாரா? எனக்குப் பாட்டுக் கேட்கத் தெரியும், எண்ணத் தெரியாது.

#6 பேண்டு மாஸ்டர்

நல்ல கேள்வி, வெட்கப்பட வேண்டாம். நாலு தட்டு ஒரு பார். அப்படிப் பன்னிரண்டு பார் ஒரு சரணம். அதை மூன்றாகப் பிரித்தால் வரிக்கு நாலு பார். முதல் வரி ஒரு சேதி, இரண்டாம் வரி அதே சேதி மறுபடி, மூன்றாம் வரி அதற்குக் காரணம் அல்லது விளைவு. கார்ட்டும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டும், அப்படியே நகரும். சி-யில் ஆரம்பித்தால் ஐந்தாவது பாரில் எஃப், ஏழாவதில் சி-க்குத் திரும்பும், ஒன்பதாவதில் ஜி, பதினொன்றாவதில் மறுபடி வீட்டுக்கு வந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் பாடகர் இரண்டரை பாருக்குள் பாடி முடித்துவிடுவார். மீதி இடம் காலி. அங்கேதான் கிடாரோ கார்னெட்டோ பதில் சொல்லும். அந்தக் காலி இடம்தான் ப்ளூஸின் உயிர் என்பேன்.

இதில் ஹேண்டி செய்தது என்ன? டட்வைலர்க்காரர் ஒரே வரியை மூன்று தரம் பாடினார். அது மேடையில் அலுப்புத் தட்டும் என்று நினைத்து, சொல், திரும்பச் சொல், ஏன் என்று சொல் என்ற அமைப்பைத் தான் எடுத்துக்கொண்டதாக ஹேண்டி எழுதுகிறார். 1914-இல் "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்" எழுதியபோது ஒருபடி மேலே போனார். இரண்டு பன்னிரண்டு பார் பகுதிகளுக்கு நடுவே பதினாறு பாருக்கு டாங்கோ தாளம். 1900-இல் மகாராவின் ஊர்சுற்றும் இசைக்குழுவோடு கியூபா போய் வந்தவர், அங்கே கேட்ட தாளம் காதில் தங்கியிருந்தது. ரயில் நிலையத்துக் கத்தியையும் ஹவானாத் தாளத்தையும் ஒரே பாட்டில் தைத்தவரை வெறும் நகல் எடுப்பவர் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#7 ஆறாம் கம்பி

மாஸ்டர், பேச்சுக்கு நன்றி, கார்ட் கணக்கு சரி. ஆனால் "தான் எடுத்துக்கொண்டதாக எழுதுகிறார்" என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

ஹவர்ட் ஓடம் என்ற ஆய்வாளர் 1905-க்கும் 1908-க்கும் இடையே மிசிசிப்பியிலும் ஜார்ஜியாவிலும் கறுப்பர்கள் பாடிய பாட்டுகளைச் சேகரித்து 1911-இல் அச்சிட்டார். ஹேண்டியின் "மெம்ஃபிஸ் ப்ளூஸ்" வந்தது 1912. ஓடம் சேகரிப்பில் ஒரே வரி மூன்று முறை வருவதும் இருக்கிறது, இரண்டு முறை வந்து மூன்றாவது மாறுவதும் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1901-02-இல், சார்ல்ஸ் பீபடி என்ற ஹார்வர்ட் தொல்லியலாளர் டெல்டாவில் கோஹோமா வட்டாரத்தில் மண்மேடு தோண்டினார். தோண்டிய கூலியாட்கள் பாடிய பாட்டு மண்ணுக்குள் இருந்ததைவிட அவரை அதிகம் இழுத்துவிட்டது. 1903-இல் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதிவிட்டார். ஹேண்டி டட்வைலரில் கண் விழிப்பதற்கு முன்பே அந்த வட்டாரம் முழுக்கப் பாடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ரயில் பாதை வரி இருக்கிறதே, அது 1929-இல் சார்லி பேட்டன் பதிவு செய்த "கிரீன் ரிவர் ப்ளூஸ்" பாட்டிலும் வருகிறது. பேட்டன் டெல்டாவின் தோட்டத்து ஆள், ஹேண்டியின் தாளைப் பார்த்துப் படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அது ஊர்ப் பொதுச்சொத்து. ஹேண்டி அதிலிருந்து "யெல்லோ டாக்" (மோர்ஹெட்டில் வெட்டிக்கொள்ளும் பாதைகளில் ஒன்றின் பட்டப்பெயர்) என்று ஒரு பாட்டு கட்டித் தன் பெயரில் போட்டார்.

"முதலில் அச்சிட்டவர்" என்ற பெருமையாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. ஒக்லஹோமாவில் ஹார்ட் வாண்ட் என்ற வெள்ளைக்கார வயலின்காரர் 1912 மார்ச்சிலேயே "டாலஸ் ப்ளூஸ்" அச்சிட்டுவிட்டார். ஆகஸ்டில் பேபி சீல்ஸின் ப்ளூஸ் வந்தது. ஹேண்டி செப்டம்பரில்தான் வருகிறார். மூன்றாவதாக வந்தவரைத் தந்தை என்றால் முதல் இரண்டு பேர் யார், சித்தப்பாக்களா?

செயின்ட் லூயிஸ் பாட்டிலும் அதே கதை. தெருவில் புருஷனை நினைத்துப் புலம்பிக்கொண்டு தள்ளாடிப் போன ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்த சொல்லைப் பாட்டில் வைத்ததாக அவரே சொல்கிறார். அந்தப் பெண்ணுக்கும் பெயர் கிடையாது. இவருக்கு வாய்த்தவர்கள் எல்லாரும் பெயரில்லாதவர்களாகவே வாய்த்தது எப்படி?

#8 ஜெல்லி ரசிகன்

சித்தப்பாக்கள்! இதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும்.

#9 பேண்டு மாஸ்டர்

சித்தப்பா விஷயத்தில் சிரித்துவிட்டேன், மறுக்கவில்லை. ஆனால் அச்சு என்றால் அன்றைக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

1909-இல் மெம்ஃபிஸ் மேயர் தேர்தலில் ஈ. எச். கிரம்ப் என்பவருக்காகப் பிரசார மெட்டு ஒன்று ஹேண்டி எழுதினார். அதுதான் 1912-இல் "மெம்ஃபிஸ் ப்ளூஸ்" ஆனது. வெளியிட்ட கொஞ்ச நாளில் உரிமை முழுவதையும் 50 டாலருக்கு ஒரு வெள்ளைக்கார வெளியீட்டாளருக்கு விற்றுவிட்டார். பாட்டு நியூயார்க் வரை போய்ப் பிடித்துக்கொண்டது. வெர்னன், ஐரீன் காசில் என்ற நடன ஜோடிக்கு ஜேம்ஸ் ரீஸ் யூரோப் அதை நிதானமான நடையில் வாசிக்கப்போய், ஃபாக்ஸ்ட்ராட் நடனமே அதிலிருந்து கிளம்பியது என்பார்கள். ஹேண்டிக்கு அதில் சல்லிக்காசு இல்லை. 28 வருடம் கழித்து, 1940-இல்தான் உரிமை திரும்பி அவர் கைக்கு வந்தது. அப்போது வயது அறுபத்தாறு.

நீங்கள் அவரைச் சுரண்டியவர் வரிசையில் நிறுத்துகிறீர்கள். அவர் முதல் பாட்டிலேயே சுரண்டப்பட்டவர். அந்தச் சூடு பட்டதால்தான் ஹேரி பேஸ் என்ற நண்பரோடு சேர்ந்து சொந்தமாகப் பதிப்பகம் வைத்தார். கறுப்பர்களே நடத்திய இசைப் பதிப்பகம், அதுவும் அந்தக் காலத்துத் தென் மாநிலத்தில். பிற்பாடு நியூயார்க்குக்கே போனார்கள். பேஸ் 1921-இல் பிரிந்துபோய் பிளாக் ஸ்வான் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் "கிரேஸி ப்ளூஸ்" பாடி, கறுப்பினப் பெண்ணின் ப்ளூஸ் தட்டு விற்கும் என்று நிரூபித்தார். அந்தப் பாட்டு பெரி பிராட்ஃபோர்டுடையது, ஹேண்டியுடையதல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "ப்ளூஸ்" என்று தலைப்பில் போட்டால் வாங்க ஆள் இருக்கிறது என்று கடைக்காரனுக்கு எட்டு வருடமாகப் பழக்கிவைத்தது யார்?

காப்புரிமைத் தாளில் ஒரு பெயர் எழுதியே ஆக வேண்டும் தம்பி. "டட்வைலர் ரயில் நிலையத்தில் ஓர் ஆள்" என்று எழுதினால் பதிவாகாது. இவர் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதியிருப்பார், அவர் அநேகமாக வெள்ளைக்காரராக இருந்திருப்பார். ஹார்ட் வாண்டை நீங்களே சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

#10 ஆறாம் கம்பி

கடைசிப் பத்தி பலமானது. யோசிக்கிறேன். ஆனால் "வேறொருவன் எடுத்திருப்பான்" என்பது எடுத்தவனுக்கு வக்காலத்து ஆகுமா என்பதையும் சேர்த்து யோசிக்கிறேன்.

#11 செவ்வந்தி

ஓரமாக வைக்கச் சொன்னதை இப்போது எடுக்கிறேன்.

டட்வைலருக்குப் பிறகு, மிசிசிப்பியிலேயே கிளீவ்லண்ட் என்ற ஊரில் ஒரு நடன இரவு. ஹேண்டியின் பேண்டு வாசிக்கிறது. யாரோ ஒரு சீட்டு அனுப்புகிறார்கள், எங்கள் ஊர் இசை ஏதாவது வாசிப்பீர்களா என்று. இவர்கள் ஏதோ ஒரு பழைய தென்னாட்டு மெட்டை வாசிக்கிறார்கள். எடுபடவில்லை. மறுபடி சீட்டு: உள்ளூர்க் கறுப்பர் குழு ஒன்று இருக்கிறது, அவர்கள் கொஞ்சம் வாசிக்கலாமா? ஹேண்டியின் ஆட்கள் சந்தோஷமாக இடம் விடுகிறார்கள், வெளியே போய்ப் புகைபிடிக்கலாமே என்று.

மூன்றே பேர் வருகிறார்கள். அடிபட்ட கிடார், ஒரு மாண்டலின், தேய்ந்துபோன ஒரு பேஸ் வாத்தியம். ஆரம்பமும் முடிவும் இல்லாதது போல ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறார்கள், காலால் தரையைத் தட்டிக்கொண்டு. இதையெல்லாம் யார் ரசிப்பார்கள் என்று ஹேண்டி நினைத்துக்கொண்டிருக்கும்போதே காலடியில் வெள்ளி டாலர்கள் விழத் தொடங்குகின்றன. ஹேண்டியின் ஒன்பது பேருக்கு அந்த இரவு முழுவதற்கும் பேசிய கூலியைவிட அந்த மூவர் முன்னால் அதிகக் காசு கிடந்தது. அன்றைக்குத்தான் தனக்குள் ஓர் இசையமைப்பாளர் பிறந்தார் என்று எழுதுகிறார். மாஸ்டர், ரயில் நிலையத்தில் இல்லை, இங்கேதான். காசு விழுந்த இடத்தில்.

இப்போது முக்கியமானது. அச்சில் வந்த சுயசரிதையில் அந்த மூவர் குழுவின் தலைவனுக்குப் பெயர் இல்லை. கால் நீண்ட ஒரு கறுப்புப் பையன், அவ்வளவுதான். ஆனால் அச்சுக்குப் போகாத கைப்பிரதியில் பெயர் இருக்கிறது. பிரின்ஸ் மெக்காய். கற்பனை ஆள் இல்லை. கிரீன்வில் பக்கத்தில் நடன இரவுகளுக்கு இசைக்குழு நடத்தியவர், 1882-இல் பிறந்து 1968 வரை வாழ்ந்தவர். புத்தகம் வந்த 1941-இலும் உயிரோடுதான் இருந்தார். ஹேண்டி இறந்தது 1958. அவருக்குப் பிறகும் பத்து வருடம் மெக்காய் இருந்திருக்கிறார்.

ஆக, பெயர் தெரியாமல் விட்டது வேறு, தெரிந்த பெயர் கைப்பிரதிக்கும் அச்சுக்கும் நடுவே காணாமல் போனது வேறு. டட்வைலர்க்காரரின் பெயரை ஹேண்டி கேட்கவில்லை என்றால் நான் மன்னிப்பேன், நடுராத்திரி, ரயில் பிடிக்க வேண்டும். மெக்காயின் பெயர் விஷயத்தில் என்னால் முடியவில்லை. மேமி டெஸ்டூன்ஸின் விரலைக்கூட நினைவு வைத்துச் சொன்ன ஜெல்லி ரோலுக்கு இந்த ஒரு இடத்தில் என் ஓட்டு.

#12 ஜெல்லி ரசிகன்

அக்கா சொல்லிவிட்டார், தீர்ப்பு வந்துவிட்டது, மாஸ்டர் பேண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

#13 மட்டுறுத்துநர்

ஜெல்லி ரசிகன், ஆளை விட்டுவிட்டு விஷயத்தைப் பேசவும். ஒரு முறைதான் சொல்வேன்.

#14 பேண்டு மாஸ்டர்

அவர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, விடுங்கள்.

செவ்வந்தி அம்மா, மெக்காய் விஷயம் எனக்குத் தெரியாது. இரண்டு நாளாகத் தேடிப் படித்தேன், நீங்கள் சொன்னது சரி. இதற்கு என்னிடம் வக்காலத்து இல்லை. பெயரை அடித்தது ஹேண்டியின் கையா பதிப்பாசிரியரின் கையா என்று வாதாடலாம். ஆனால் அட்டையில் ஹேண்டியின் பெயர் இருக்கிறது. அட்டையில் பெயர் போட்டுக்கொண்டவர் உள்ளே விட்டுப்போனதற்கும் பொறுப்புத்தான்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். அந்தக் காசு விழுந்த கதையை அவர் தனக்கு எதிராகத்தான் சொல்கிறார். நான் படித்தவன், எனக்குக் கை தட்டல், படிக்காத மூவருக்குக் காசு என்று. மேடையில் நின்றவன் எவனும் அப்படி ஓர் இரவை நினைவில் வைத்துக்கொள்ள விரும்ப மாட்டான். எனக்கும் ஒரு திருவிழாவில் அப்படி நடந்தது. முழு யூனிஃபார்மில் பன்னிரண்டு பேர் நிற்கிறோம், கூட்டம் மொத்தமும் எதிர்த்த தெருவில் இருந்த பம்பைக்காரர்களைப் பார்த்துத் திரும்பி நின்றது. நான் அதை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

"தந்தை" என்ற சொல்லை விட்டுத்தருகிறேன். அது கடைக்காரனின் சொல். "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்" பாட்டை விட்டுத்தர மாட்டேன்.

#15 புதுசு

அந்தப் பாட்டை நேற்றுத்தான் முதல் தடவை கேட்டேன். பெஸ்ஸி ஸ்மித் பாடியது. பின்னால் ஹார்மோனியம் மாதிரி ஏதோ இழுத்துக்கொண்டே இருக்கிறது, பாட்டு நகரவே மாட்டேன் என்கிறது. மாஸ்டர் சொன்ன டாங்கோவை எவ்வளவு தேடியும் பிடிபடவில்லை. தப்பான பாட்டைக் கேட்டுவிட்டேனா?

#16 ஆறாம் கம்பி

தப்பான பாட்டு இல்லை, சரியான பாட்டு. 1925 ஜனவரி பதிவு. அது ஹார்மோனியம் மாதிரி இல்லை, ஹார்மோனியமேதான், ஃப்ரெட் லாங்ஷா வாசித்தது. கார்னெட் லூயி ஆம்ஸ்ட்ராங். டாங்கோ அதில் கிட்டத்தட்டக் கரைந்தே போய்விட்டது. மாஸ்டர் சொன்ன காலி இடத்தை அங்கே கவனியுங்கள். பெஸ்ஸி ஒரு வரி பாடி நிறுத்துவார், ஆம்ஸ்ட்ராங் அந்த இடைவெளிக்குள் வந்து பதில் சொல்லிவிட்டு விலகுவார். ஒருவரையொருவர் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.

மாஸ்டருக்கு ஒரு விஷயம். ஹேண்டி தாளில் ஃப்ளாட் போட்டு வைத்த அந்தச் சுரத்தைப் பெஸ்ஸி ஃப்ளாட்டாகப் பாடவில்லை. ஃப்ளாட்டுக்கும் அசல் சுரத்துக்கும் நடுவே எங்கேயோ பாடுகிறார். அதாவது டட்வைலர்க்காரர் கத்தியால் வாசித்ததை ஹேண்டி தாளில் ஏற்றினார், ஏறும்போது ஒன்று கீழே விழுந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கிய பெஸ்ஸி, விழுந்ததைத் தன் தொண்டையிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்துவிட்டார். தாள் இல்லாவிட்டால் நியூயார்க் ஸ்டூடியோவில் அவர் கைக்கு அந்தப் பாட்டு வந்திருக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இதை எழுதுவதற்கு எனக்கு மூன்று நாள் ஆனது.

நேற்று ராத்திரி ஒரு காரியம் செய்தேன். கிடாரை மடியில் படுக்க வைத்து, கம்பிகளை ஓப்பன் ஜி-க்கு (அழுத்தாமலே ஜி கார்ட் கேட்கும் சுருதிக்கு) இறக்கி, தலைப்பக்கம் கம்பிகளுக்கு அடியில் ஒரு பென்சிலைச் செருகி உயர்த்திக்கொண்டேன். இல்லாவிட்டால் கத்தி ஃப்ரெட்டில் (கிடார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையில்) இடித்துக் கடகடவென்கிறது. சமையலறைக் கத்தியைத் திருப்பி, அதன் முதுகை மூன்றாவது கம்பிமேல் வைத்து இழுத்தேன். முதல் அரை மணி நேரம் பூனை கத்துவது போலத்தான் இருந்தது, பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள். அப்புறம் மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் நாலாம் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஓர் இடம் அகப்பட்டது. அங்கே கம்பி பேசுகிறது. இருபது வருடமாக விரலால் ஃப்ரெட்டை அழுத்தி வாசித்தவனுக்கு அந்த இடம் இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறது. நாற்பது நொடிப் பதிவு இணைத்திருக்கிறேன். சிரிப்பவர்கள் தனிமடலில் சிரிக்கவும்.

#17 செவ்வந்தி

சிரிக்கவில்லை. பன்னிரண்டாவது நொடி.

#18 பேண்டு மாஸ்டர்

தம்பி, கேட்டேன். சும்மா கேட்கவில்லை, எழுதிப் பார்த்தேன். முதல் தாளில் மூன்றாம் ஃப்ரெட்டின் சுரமான பி ஃப்ளாட் போட்டேன். ட்ரம்பெட்டில் வாசித்தால் அழுகைப் பாட்டாக வந்தது. இரண்டாவது தாளில் நாலாம் ஃப்ரெட்டின் பி. பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவதில் பி ஃப்ளாட்டைச் சின்னதாக எழுதி பி-க்கு ஒரு வளைகோடு போட்டு, என்னிடம் படிக்கிற பையனிடம் கொடுத்தேன். அவன் இரண்டு சுரமாகச் சுத்தமாக வாசித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, நான் எழுதியிருந்தது அதுதான்.

நாலாவது தாள் எதிரே இருக்கிறது. பன்னிரண்டாவது நொடியில் கத்தி எங்கே நிற்கிறது, மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து எவ்வளவு தள்ளி?

#19 ஆறாம் கம்பி

நிற்கவில்லை மாஸ்டர்.

#20 பேண்டு மாஸ்டர்

அப்படியா? இன்னொரு தடவை மெதுவாக வாசித்து அனுப்புங்கள். பென்சிலையும் எடுக்க வேண்டாம்.